பேரூராட்சி இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்றுவது எப்படி? பிடிஎஃப்-இல் தொடங்குங்கள்

உங்கள் ஊர் பேரூராட்சி அல்லது நகராட்சியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்காகத்தான். எங்கள் பேரூராட்சித் தளத்தில் இந்த வேலையைச் செய்து முடித்த கையோடு எழுதுகிறேன். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்-ஐத் திருத்தவும் கோப்புகளை ஏற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் நிற வேறுபாட்டிலும் படங்களுக்கான மாற்று உரையிலும் தொடங்கும். நம் ஊர் உள்ளாட்சித் தளங்களுக்கு அந்த வரிசை பொருந்தாது. சொத்து வரி அறிவிப்பு, ஏல அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளி, மன்றத் தீர்மானம் என்று மக்களுக்குத் தேவையான எல்லாமே பிடிஎஃப்-ஆகத்தான் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைத் திரைவாசிப்பானால் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) படிக்கவே முடியாது. முகப்புப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்வையற்ற ஒருவர் வரி கட்டக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால் அந்தத் தளம் அவருக்கு இல்லை.

படி 1: செயல் அலுவலரிடம் பேசுங்கள்

அலுவலகத்தின் பழக்கங்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அவருடைய ஒப்புதல் வேண்டும். கையோடு இந்த விவரங்களைக் கொண்டுபோங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றியது. 2017இல் வந்த விதிகளில் 15ஆவது விதி, இணையதளங்கள் இந்திய அரசு இணையதள வழிகாட்டு நெறிகளின்படி இருக்க வேண்டும் என்றது. ஏற்றும் ஆவணங்கள் இ-பப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துணரியால் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக மாற்றும் மென்பொருள்) படிக்கப்பட்ட பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த விதி வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கு முரண் என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

நம் மாநிலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. மன்றத்தில் அமரும் உறுப்பினருக்கே கூட்டப்பொருளைப் படிக்க வழியில்லை என்றால் அவர் எதை விவாதிப்பார்? எங்கள் அலுவலகத்தில் சட்டப் பிரிவுகளைவிட இந்தக் கேள்விதான் வேலையை நகர்த்தியது.

படி 2: தளத்தைக் காதால் கேளுங்கள்

விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள். இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் தொடங்கிய திட்டம் அது. கூடவே வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். இயந்திரத்தனமாக ஒலித்தாலும் வேகத்தைக் கூட்டினால் தெளிவு குறையாது. இனிமையான குரல்தான் வேண்டும் என்றால் விண்டோஸின் பேச்சு அமைப்புகளில் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் ஈஸ்பீக்கையே பரிந்துரைக்கிறேன்.

திரையை அணைத்துவிட்டு உங்கள் தளத்தைத் திறங்கள். ஹெச் விசையை அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும், கே விசைக்கு இணைப்புகள், எஃப் விசைக்குப் படிவப் பெட்டிகள். இன்செர்ட்டையும் எஃப் 7-ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் "இங்கே சொடுக்கவும்" என்பதே வரிசையாகக் கேட்டால், எது குடிநீர்க் கட்டணம், எது பிறப்புச் சான்றிதழ் என்று யாருக்குத் தெரியும்? இணைப்பின் எழுத்திலேயே பொருள் இருக்கட்டும்.

படி 3: மொழிக் குறியைச் சரிசெய்யுங்கள்

ஒரே வரி வேலை, பலன் பெரிது. விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் வார்ப்புருக்களில் பக்கத்தின் லாங் பண்பு ஆங்கிலம் என்றே இருக்கும். யாரும் மாற்றுவதில்லை. அதனால் திரைவாசிப்பான் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் தொடங்கும். சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் ஒன்றும் பேசாமல் தாண்டிப் போய்விடும், பக்கம் காலி என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். தமிழ்ப் பக்கங்களுக்கு டி, ஏ என்ற இரண்டெழுத்துக் குறியைப் போடுங்கள். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஈ, என்.

படி 4: பிடிஎஃப்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு பிடிஎஃப்-ஐயும் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து எதுவும் தேர்வாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து விழுந்தால் பழைய எழுத்துரு. தமிழாகவே வந்து, கொம்புகள் மட்டும் இடம் மாறியிருந்தால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில் எழுதிவிட்டுத் தவறான வழியில் பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய எழுத்துருவில் இருந்து தொடங்குவோம். பாமினி, வானவில் போன்றவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது வேறு. பாமினியில் "தமிழ்" என்ற சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் அதைத்தானே உச்சரிக்க முடியும்? தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய வார்ப்புக் கோப்புகளைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி வெளியிடும் வழக்கம் அலுவலகங்களில் தொடர்கிறது.

மூலக் கோப்பு கிடைத்தால் என்எச்எம் கன்வர்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றிக்கு எழுத்துரு தெரியாது, கொடுத்ததை எல்லாம் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். அறிவிப்பின் நடுவே டைம்ஸ் நியூ ரோமனில் அடித்த ஆங்கிலச் சொற்களும் தொகைகளும் இருக்குமே, அவையும் மாறிப்போகும். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ" என்ற எழுத்து. ஆகவே வைப்புத்தொகை ரூ.1,50,000 என்பது ரூ.1இ50இ000 ஆகிவிடும். கண்ணால் பார்ப்பவர் ஊகித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்குத் தொகை என்னவென்றே புரியாது.

இரண்டு பக்க அறிவிப்பு என்றால் தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக நகலெடுத்து மாற்றுங்கள், எண்களையும் ஆங்கிலத்தையும் தொடாதீர்கள். கோப்புகள் குவிந்து கிடந்தால் வேர்ட் கோப்புகளைக் கையாளும் பைத்தான்-டாக்ஸ் நூலகத்தை வைத்துச் சிறு நிரல் எழுதி, பாமினி எழுத்துருவில் உள்ள துண்டுகளை (ஒரே வடிவமைப்பு கொண்ட எழுத்துத் தொடர்களை) மட்டும் மாற்றலாம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எழுத்துரு பத்தியின் ஸ்டைலில் இருந்து வந்திருந்தால், துண்டிடம் பெயரைக் கேட்கும்போது வெறுமைதான் கிடைக்கும். ஸ்டைலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், வேர்ட் ஒரே சொல்லைக்கூடப் பல துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். "கொ" என்பதன் கொம்பு ஒரு துண்டிலும் "க" அடுத்த துண்டிலும் இருந்தால் எழுத்து உடைந்துவிடும். ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை இணைத்த பிறகே மாற்றுங்கள்.

மாற்றி முடித்ததும் எண்ணுக்கு நடுவில் "இ" இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே "கௌரவம்" போன்ற சொற்களையும் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் "ள" என்ற எழுத்தும் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் குரல் "கெளரவம்" என்று ளகரத்தை அழுத்திப் படிக்கும். என்விடிஏ-வில் ஒருமுறை முழுதாகக் கேட்டால் இவை தாமாகவே மாட்டும்.

மூலக் கோப்பு தொலைந்துபோன பழைய ஆவணங்களுக்கு எழுத்துணரிதான் வழி. எழுத்துணரி பார்ப்பது எழுத்தின் உருவத்தை மட்டுமே. ஆகவே உள்ளே பாமினி இருந்தாலும் வானவில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசக் கருவி டெசராக்ட் என்ற எழுத்துணரியை வைத்து இதைச் செய்கிறது. பழைய எழுத்துருக் கோப்பு என்றால் ஃபோர்ஸ் ஓசிஆர் தெரிவை இயக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஏற்கனவே எழுத்து இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். மொழிக் குறி இங்கே மூன்றெழுத்து: டி, ஏ, எம். அச்சிட்ட தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் முடிவு நன்றாக வரும். சர்வே எண், தொகை, தேதி மூன்றையும் ஒரு மனிதர் மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

புதிதாக வெளியிடும் ஆவணங்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: அறிவிப்பை இணையப் பக்கமாகவே எழுதுங்கள், பிடிஎஃப்-ஐக் கூடுதலாகத் தாருங்கள். கைப்பேசியில் படிப்பவர்களுக்கும் அதுவே வசதி. "கையொப்பமும் முத்திரையும் வேண்டுமே" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். கையொப்பமிட்ட ஸ்கேன் நகலை அப்படியே ஏற்றுங்கள், அதே பக்கத்தில் முழு உரையையும் போடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது லிப்ரே ஆபிஸின் ஏற்றுமதிச் சாளரத்தில் பிடிஎஃப்/யூஏ (அணுகத்தக்க பிடிஎஃப்களுக்கான தரம்) தெரிவை இயக்குங்கள். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்க வேண்டாம், தலைப்பு, அட்டவணை என்ற அமைப்பெல்லாம் அதில் போய்விடும்.

படி 5: புகார்ப் படிவம்

ஒவ்வொரு பெட்டிக்கும் அதோடு பிணைத்த லேபிள் வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் "பெயர்", "வார்டு எண்" என்ற எழுத்துகள் லேபிள் ஆகாது, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். பிழை இருந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல் "கைப்பேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும்" என்று எழுத்தில் சொல்லுங்கள்.

படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் படக் கேப்சாவை எடுத்துவிடுங்கள். குடிநீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்த பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்துகிற பூட்டு அது. மனிதர் கண்ணுக்கும் திரைவாசிப்பானுக்கும் மறைத்து வைத்த ஒரு வெற்றுப் பெட்டி (அதை நிரப்புவது தானியங்கி நிரல்தான், அந்த அனுப்புதலை ஒதுக்கிவிடலாம்), ஒரே முகவரியில் இருந்து வரும் அனுப்புதல்களுக்கு ஒரு வரம்பு ஆகிய இரண்டும் எங்கள் தளத்துக்குப் போதுமானதாக இருக்கின்றன.

படி 6: மற்றவை

முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எழுத்தை நிறுத்துங்கள். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் நகரும் எதற்கும் நிறுத்தும் வசதி வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின் விதி, நிலையான பட்டியல் அதைவிட நல்லது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கட்டும். வார்டு உறுப்பினர்கள் பட்டியலைப் படமாகப் போடாமல், தலைப்பு வரிசையோடு கூடிய அட்டவணையாகப் போடுங்கள். டேப் விசையால் நகரும்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கோட்டை வார்ப்புருக்கள் மறைத்து வைத்திருக்கும், அதை மீட்டுக்கொண்டு வாருங்கள். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாதவர்களுக்கு அந்தக் கோடுதான் வழிகாட்டி. மன்றக் கூட்டக் காணொளி போட்டால் காது கேளாதவர்களுக்காக எழுத்து வரிகளும் சேர்க்க வேண்டும்.

உலாவியில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அகலத்தைக் கட்டி வைத்த பொத்தானில் "விண்ணப்பங்களைப் பதிவிறக்க" பாதியில் வெட்டுப்படும். பொத்தானின் அகலத்தைத் தளர்த்திவிட்டு, வரி உயரத்தை 1.5 ஆக வையுங்கள்.

சோதனைக்கு ஆக்ஸ், வேவ் என்ற இரண்டு உலாவி நீட்சிகளில் எனக்கு வேவ் பிடிக்கும். பிழை எங்கே என்று பக்கத்தின் மேலேயே காட்டுவதால் புதியவர்களுக்கு எளிது. ஆனால் எந்த நீட்சியும் பாமினி பிடிஎஃப்-ஐக் கண்டுபிடிக்காது. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளமே அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கப்படும் மேலடுக்குக் கருவிகளை வாங்கவே வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை அமெரிக்க வணிக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

கடைசிச் சோதனையை, தினமும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். "இந்த அரையாண்டு சொத்து வரிக்குக் கடைசி நாள் எது?" என்று கேட்டுவிட்டு அமைதியாகப் பக்கத்தில் இருங்கள்.

பின்சேர்க்கை 1: என்விடிஏ-வில் சரியாக வரும் பக்கம் கைப்பேசியில் பேசவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள், பேச்சு அமைப்புகளில் தமிழ்க் குரல் தரவு பதிவிறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளத்தின் உதவிப் பக்கத்தில் இதை எழுதி வைத்துவிட்டேன், நீங்களும் எழுதுங்கள்.

பின்சேர்க்கை 2: வரி கட்டும் பக்கம் மாநில அரசின் தளத்தில் இருக்கிறதே, அதை எப்படித் திருத்துவது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நம்மால் திருத்த முடியாது. இணைப்புக்குக் கீழே அலுவலகத் தொலைபேசி எண், வேலை நேரம், நேரில் கட்டும் வழி ஆகியவற்றை எழுத்தாகப் போடுங்கள். தடங்கலை அந்தத் தளத்தின் நிர்வாகிக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

பின்சேர்க்கை 3: தளம் சரியான பிறகும் கூட்ட அழைப்பு வாட்ஸ்அப்பில் படமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று வேறொரு பேரூராட்சியில் இருந்து தகவல் வந்தது. அழைப்பையும் கூட்டப்பொருளையும் செய்தியாகவே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள், தளத்தில் உள்ள பக்கத்தின் இணைப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் போகட்டும்.