அட்டையைக் கருப்பு வெள்ளையில் பாருங்கள்

பதின்ம வயதினருக்கான இசை இதழின் அட்டையைச் சிங்கப்பூரின் பிராஸ் பாசா அச்சுக்கடைக்கு அனுப்புமுன், கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எழுத்தை வாசிக்க வைப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடுதான். இளையர்களுக்குப் பிடிக்குமே என்று அடர்பச்சைமேல் சிவப்பில் தலைப்பு வைத்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். தமிழ்த் தலைப்பென்றால் இன்னும் கவனம் தேவை: மிகத் தடித்த எழுத்துருவில் ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். சற்று மெலிந்த எழுத்துருவுக்கு மாறினாலே போதும், மறு அச்சுக்கான செலவு மிச்சம்.

ஆனால் அச்சில் நிறம் எப்படி வரும் என்பதை இது காட்டாது. திரையில் மின்னும் நியான் இளஞ்சிவப்பு சாதாரண நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். அதற்கு ஒரு மாதிரித் தாள் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.