ஆற்றோரத்தில் நிச்சயதார்த்தப் படம்: நிம்மதியாக எடுக்க

மலேசியாவின் பாகான் டத்தோ மாதிரியான தோட்டப் பட்டணத்தில் ஒரே பாலின ஜோடி நிச்சயதார்த்தப் படம் எடுப்பதென்றால், முதலில் வேலைநாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறு மாலையில் தண்ணீரோரம் முழுக்கத் தெரிந்த முகங்கள். யாராவது ஒரு மாமா வந்து விசாரிக்காமல் போகமாட்டார்.

இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் இறங்கும், ஆறு மணிக்கே போனால் அவசரம் இருக்காது. கடலையொட்டிய ஆறு என்பதால் நீரேற்ற நேரத்தையும் பாருங்கள். தண்ணீர் வற்றினால் கரையெல்லாம் சேறு, வேட்டி சேலை பாழ். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், போன வாரத்து நேரம் உதவாது.

போஸுக்காகச் சிரமப்பட வேண்டாம். கைப்பிடிக் கம்பியில் மோதிரம் போட்ட இரண்டு கைகள், பின்னால் ஆற்று வெளிச்சம்: முகமே தெரியாத அந்தப் படத்தை வீட்டு ஹாலில் தைரியமாக மாட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேமராக்காரர். ஜோடி யார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் முன்பணம். ஆணோடு ஆண் கொள்ளும் உடலுறவையும் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவு 377ஏ மலேசியாவில் இன்னும் நடப்பில் இருக்கிறது. உங்கள் முகம் யார் கண்ணில் படலாம் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். அதனால் படங்களை அவருடைய ஃபேஸ்புக்கிலோ கடையிலோ போடமாட்டேன் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் எடுப்பதற்கும் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.