‘என்றால்’ வரும் இடத்தில்தான் வழுக்குகிறது: கூற்றுத் தருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உண்மை அல்லது பொய் என்று சொல்லக்கூடிய வாக்கியம்தான் கூற்று. அப்படிப்பட்ட கூற்றுகளை இணைக்கவும் மறுக்கவும் கூற்றுத் தருக்கத்தில் இருக்கும் அடிப்படைக் குறிகள், அதாவது இணைப்பிகள், ஐந்துதான்: இல்லை (¬), மற்றும் (∧), அல்லது (∨), என்றால் (→), அப்புறம் இரண்டு பக்கமும் செல்லும் ↔. எந்த இணைப்பி எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் மெய்மை அட்டவணைகளை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். மொரீசியசின் ரோஸ் ஹில்லில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் முதல் கணக்கு வந்ததும் அட்டவணையை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற பேச்சை நம்பிவிடுகிறார்கள். இணைப்பிக்கு உண்மையா பொய்யா என்பது மட்டும்தான் தெரியும். எது எதற்குக் காரணம், எது முதலில் நடந்தது, சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

முதலில் → குறியைப் பார்ப்போம், ஏனென்றால் அதிக மதிப்பெண் போவது அங்கேதான். ‘க்ளாஸ் 3 சைக்ளோன் எச்சரிக்கை இருந்தால் பள்ளி கிடையாது’ என்பது மொரீசியசில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எச்சரிக்கை இருப்பதை க என்றும், பள்ளி இல்லாததை ச என்றும் வைத்தால் இது க → ச. இதிலிருந்து ‘பள்ளி இல்லை, அப்படியென்றால் க்ளாஸ் 3’ என்று திருப்பிப் போடுவது தவறு. தைப்பூசக் காவடிக்கும் இங்கே பொது விடுமுறைதானே! ‘க்ளாஸ் 3 இல்லை, அதனால் பள்ளி உண்டு’ என்பதும் தவறு, அடைமழைக்கும் பள்ளியை மூடுவார்கள். செல்லுபடியாகும் திருப்பம் ஒன்றே ஒன்று: பள்ளி நடக்கிறது, ஆகவே க்ளாஸ் 3 இல்லை. அதாவது ¬ச → ¬க.

சரி, காவடியன்று வானம் பளிச்சென்று இருக்கிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை, பள்ளியும் இல்லை. அப்போது நம் வாக்கியம் பொய்யாகிவிட்டதா? பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், மீதிப் பேர் ‘அது பொருந்தாது’ என்று நழுவுவார்கள். இரண்டும் தப்பு. க்ளாஸ் 3 இருக்கும்போதே பள்ளி நடந்தால்தான் அது பொய், மெய்மை அட்டவணையின் மற்ற மூன்று வரிகளிலும் உண்மை. அதனால் ‘2 + 2 = 5 என்றால் போர்ட் லூயிஸ் மொரீசியசின் தலைநகர்’ என்பதும் உண்மைதான். கேட்க அபத்தமாக இருக்கும், இருக்கட்டும்.

அம்புக்குறியைத் தலைகீழாகப் போடவைக்கும் இன்னொன்று, ‘தான்’. ‘விரதம் இருந்தால்தான் காவடி எடுக்கலாம்’ என்றால் விரதம் → காவடி என்று கை தானாக எழுதிவிடும். வீட்டில் பாட்டியும் விரதம் இருக்கிறார், காவடி எடுப்பதில்லையே! எழுத வேண்டியது காவடி → விரதம்.

அடுத்து மறுப்பு. ‘குர்பீப்பிலும் போர்ட் லூயிசிலும் மழை பெய்கிறது’ என்பதை மறுக்கச் சொன்னால், ‘இரண்டு ஊரிலும் மழை இல்லை’ என்று எழுதுகிறார்கள். மேட்டு நிலத்தில் இருக்கும் குர்பீப்பில் தூறிக்கொண்டிருக்க, கீழே போர்ட் லூயிசில் வெயில் கொளுத்துவது நமக்குப் புதிதா? அந்த நாளில் மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களுமே பொய். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து பொய்யாக இருக்கவே முடியாது, ஆகவே அது மறுப்பே இல்லை. சரியான மறுப்பு ‘இரண்டில் ஓர் ஊரிலாவது மழை இல்லை’ என்பது. இங்கே குர்பீப்பில் மழை என்பதை க என்றும், போர்ட் லூயிசில் மழை என்பதை ச என்றும் வைத்தால், ¬(க ∧ ச) என்பது ¬க ∨ ¬ச. டி மார்கன் விதி என்று படிக்கிறோமே, அதுதான் இது. (அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது மதுரையில். இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) இதே வகையில் ¬(க → ச) என்பதை க → ¬ச என்று எழுதுபவர்கள் ஏராளம், அதுவும் தப்பு. ‘என்றால்’ வாக்கியத்தை மறுத்தால் மிஞ்சுவது க ∧ ¬ச, அதில் அம்புக்குறியே கிடையாது.

‘அல்லது’வில் இரண்டும் உண்மையானாலும் முழுக் கூற்று உண்மைதான். ‘சோறா பராட்டாவா’ என்று அம்மா கேட்பது போல ஒன்றைத்தான் எடுக்கலாம் என்ற பொருள் வேண்டுமென்றால் ⊕ என்று தனிக்குறி இருக்கிறது, ∨ அதைச் செய்யாது. ‘ஏழை, ஆனால் நல்லவர்’ என்பதில் வரும் ‘ஆனால்’ வெறும் ∧, அதற்கு ¬ போட்டுவிடாதீர்கள். ‘கதவைச் சாத்து’ என்ற கட்டளையும், கேள்வியும் கூற்றே இல்லை, அவற்றுக்கு எழுத்து ஒதுக்க வேண்டாம்.

கடைசியாக அடைப்புக்குறி. மூன்று கூற்றுகள் இருந்தால் அட்டவணையில் 8 வரிகள், நான்கு இருந்தால் 16. வரிகளைச் சரியாகப் போட்டுவிட்டு அடைப்புக்குறியில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். க → (ச → ட) வேறு, (க → ச) → ட வேறு. மூன்றும் பொய் என்று வைத்துப் பாருங்கள்: முதலாவது உண்மையாக வரும், இரண்டாவது பொய்யாக வரும்.