90 நிமிட கேசட்டை 80 நிமிட சிடியில் ஏற்றுவது எப்படி

கீழக்கரை, பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று இந்தக் கரையோரம் எந்த ஊருக்குப் போனாலும், பரணில் கேசட் பெட்டி கிடக்கிற வீடு ஒன்றிரண்டாவது இருக்கும். இலங்கை வானொலியிலிருந்து பிடித்து வைத்த பாட்டு, நாகூர் ஹனீபா, வீட்டில் ஓதிய மவ்லிது, கோயில் திருவிழாவில் பாடியது, கல்யாண வீட்டு நாதஸ்வரம் எல்லாம் அதில் இருக்கும். இவற்றை சிடியில் போட்டு வைக்க நினைப்பவர்கள் முதலில் இடறுவது நேரக்கணக்கில்தான். 60 நிமிட கேசட் முழுசாக ஒரு சிடியில் உட்கார்ந்துவிடும். 90 நிமிட கேசட் உட்காராது. எங்கே வெட்டுவது, எங்கே பிரிப்பது என்று எழுதுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஆடியோ சிடிக்கு எம்.பி. கணக்கு உதவாது. 5 நிமிடப் பாட்டு எம்பி3 ஆக 5 எம்.பி. இருந்தாலும், ஆடியோ சிடியில் ஏறும்போது சுருக்கம் அவிழ்ந்து சுமார் 53 எம்.பி. ஆகிவிடும். ‘கோப்பெல்லாம் சேர்த்து 200 எம்.பி.தானே, 700 எம்.பி. சிடியில் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஆடியோ சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக வைக்கிறார்கள். அப்படி எடுத்த ஒவ்வோர் அளவுக்கும் ‘மாதிரி’ என்று பெயர். ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல். ஆக, நொடிக்கு 1,76,400 பைட். பாட்டு சத்தமாக இருந்தாலும் வெறும் மௌனமாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. ஒரு நொடி, செக்டர் என்ற 75 சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டரில் ஆடியோ என்றால் 2,352 பைட், டேட்டா என்றால் 2,048 பைட். டேட்டா சிடியில் மிச்ச இடத்தைப் பிழை திருத்தும் குறியீடு எடுத்துக்கொள்கிறது. 700 எம்.பி. என்று அச்சிட்ட சிடியில் அதைவிடக் கூடுதலான ஆடியோ அடங்குவது இதனால்தான்.

சோனியும் பிலிப்ஸும் 1980-இல் வகுத்த விதிப்படி, சிடியில் பாட்டு நடுவிலிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. பாட்டுக்கான பகுதி மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடியும். சுருளின் அடுத்தடுத்த வரிகளுக்கு இடைவெளி 1.6 மைக்ரான், வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 74 நிமிடத்துச் சொச்சம் வரும். இடைவெளியை 1.5 மைக்ரானுக்கு நெருக்கினால் 80 நிமிடம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுசாக அடங்க வேண்டும் என்பதற்காகவே 74 வைத்தார்கள் என்ற கதை சுவையானது. ஆனால் அதை மறுத்த பொறியாளர்களும் உண்டு. நமக்கு வேண்டியது கணக்குதான். 90, 99 நிமிடம் என்று விற்ற சிடிகள் வரிகளை விதியை மீறி நெருக்கியவை. பழைய பிளேயர் பல அவற்றின் கடைசிப் பாட்டுகளில் திணறும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இனி வேலை. கேசட்டைக் கணினியில் பதியும்போதே 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 மாதிரி), 16 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைப் பதியவும் வெட்டவும் உதவும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்துவிட்டால் முறையாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் வெறும் எண்ணை மட்டும் 44.1 என்று திருத்தினால் 60 நிமிடம் 65 நிமிடம் 18 நொடியாக நீளும், குரலும் தடித்துப்போகும்.

அடுத்து கேசட் ஓடும் டெக்கின் வேகத்தைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்த டெக் மெதுவாக ஓடும். 3 சதவீதம் மெதுவாக ஓடினால் 90 நிமிடம் 92 நிமிடம் 47 நொடியாகிவிடும். கேசட்டில் உள்ள ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை அதே பாட்டின் நல்ல டிஜிட்டல் பிரதியோடு ஒப்பிட்டு, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை நேரம் எடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த விகிதத்திலேயே முழுப் பதிவையும் சரிசெய்யலாம். ஓட்டத்தைக் கூட்ட அனுமதி இந்த ஒரு காரணத்துக்கு மட்டும்தான். இடம் போதவில்லை என்று 84 நிமிடப் பதிவை 79-க்கு நெருக்கினால் ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடும். அதாவது சுருதி அரைக்கட்டை ஏறும்: ஒன்றரைக் கட்டையில் பாடியது இரண்டு கட்டையில் ஒலிக்கும். காது பழகியவர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்.

வெட்டலாம் என்றால் எதை? 90 கேசட்டில் நாடா எப்போதும் கொஞ்சம் கூடவே இருக்கும். பக்கத்துக்கு 46 நிமிடம் ஓடுவது சாதாரணம். இரு பக்கத்தின் முன்னும் பின்னும் உள்ள வெற்று நாடா போகட்டும். ஏ பக்கக் கடைசியில் பாதியில் அறுந்து, பி பக்கத்தில் மறுபடி தொடங்கும் பாட்டு இருந்தால் அந்தப் பாதியை எடுத்துவிடுங்கள். ஒரே பாட்டு இரண்டு தடவை பதிவாகியிருப்பதும் உண்டு. வானொலிப் பதிவில் அறிவிப்பாளர் குரலில் மட்டும் கை வைக்காதீர்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும், அந்த அறிவிப்பு கிடைக்காது. இவ்வளவு செய்தும் 78 நிமிடத்துக்குள் வரவில்லையா, யோசிக்காமல் இரண்டு சிடியாகப் பிரித்துவிடுங்கள். பக்கத்துக்கு ஒன்று என்று பிரிப்பது எளிது, உறையில் எழுதுவதும் எளிது.

78 என்று சொல்லக் காரணம் உண்டு. 80 என்று அச்சிட்ட காலி சிடியை இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் பார்த்தால் பெரும்பாலும் 79:57-ஐ ஒட்டி ஒரு நேரம் காட்டும். அதற்குப் பின்னால் உள்ள இடுக்கு, சிடி முடிந்தது என்று பிளேயருக்குச் சொல்லும் முடிவுப் பகுதிக்கானது. அது ஒன்றரை நிமிட நீளம். ஓவர்பர்ன் என்பது அந்த இடத்தைத் தின்று பாட்டை நீட்டுவது. உங்கள் டிரைவில் ஓடும், அடுத்த வீட்டு பிளேயரில் சிக்கும்.

பாட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கூட்டுங்கள். பாட்டுப் பாட்டாக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் 2 நொடி தானாக விழும். 20 பாட்டு என்றால் 38 நொடி. முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் இடைவெளியைப் பூஜ்யமாக வைக்கலாம். மவ்லிது, வில்லுப்பாட்டு, பிரசங்கம் போல விடாமல் போகும் பதிவுக்கு இதுதான் வழி. அப்படித் தொடர் பதிவை நறுக்கும்போது துண்டின் நீளம் 588 மாதிரிகளின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு செக்டரில் அடங்குவது 588 மாதிரி. மீந்தால் மென்பொருள் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும், ஓதல் நடுவே ‘டக்’ என்று ஒரு வெட்டு கேட்கும். ஆடாசிட்டியில் நேரக் காட்டியை சிடி ஃப்ரேம் (மேலே சொன்ன செக்டர்தான்) அளவுக்கு மாற்றி, குறிகள் அதிலேயே ஒட்டும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பாட்டு குறைந்தது 4 நொடி, மொத்தம் 99 பாட்டு என்பதும் விதி. கேசட் வேலையில் அந்த எல்லையைத் தொட மாட்டீர்கள்.

எழுதும் வேகம் 16 மடங்கு போதும். 52-இல் ஓட்டவும் வேண்டாம், ‘மெதுவாக எழுதினால்தான் தரம்’ என்று 1 மடங்கைத் தேடியும் அலைய வேண்டாம். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆர் வாங்குங்கள். திரும்ப எழுதும் சிடி-ஆர்டபிள்யூ ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் பழைய பிளேயர் பல அதைப் படிக்காது. முடிவில் ஃபைனலைஸ் செய்யாவிட்டால் (எழுதி முடிந்தது என்று சிடியை மூடாவிட்டால்) கணினியைத் தவிர வேறெங்கும் பாடாது. யு.பி.எஸ். இல்லாத கணினியில் நடுவே கரண்ட் போனால் அந்த சிடி குப்பைதான், ஆகவே பேட்டரி உள்ள லேப்டாப்பில் எழுதுவது நல்லது. மைக் செட்டுக்குத்தான் சிடி, பிளேயரும் எம்பி3 படிக்கும் என்றால் இந்தப் பாடே வேண்டாம். 128 கிலோபிட் எம்பி3 ஒரே சிடியில் 12 மணி நேரத்துக்கும் மேல் அடங்கும்.

நிறைத்து எழுதிய சிடிக்குக் கடற்கரையில் தனி ஆபத்து இருக்கிறது. வெளி விளிம்பில் ஒரு நிமிடப் பாட்டு பிடிக்கும் அகலம் வெறும் 0.3 மில்லிமீட்டர். கடைசி ஐந்து நிமிடமும் ஒன்றரை மில்லிமீட்டர் வளையத்துக்குள் இருக்கிறது. நாம் சிடியைப் பிடிப்பதும் அந்த விளிம்பில்தான், கைரேகையும் உப்பும் முதலில் படிவதும் அங்கேதான். 74 நிமிடத்தோடு நிறுத்தினால் அந்த ஆபத்தான வளையம் காலியாகவே இருக்கும். பத்திரமாக வைக்க வேண்டிய பதிவுக்கு அதுவே நல்ல அளவு.

உப்புக் காற்று பட்ட சிடியைத் துணியால் நேராகத் துடைக்காதீர்கள், உப்புத் துகளே கீறும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் சுருளோடு சேர்ந்தே போகும், பிழை திருத்தம் தோற்றுவிடும். மேல்புறம் இன்னும் மென்மையானது. பாட்டு பதிந்த அடுக்கும் வெள்ளி அடுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கின்றன. பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் பள்ளம் நேரே அங்கே இறங்கும். சிடிக்கென்று விற்கும் மார்க்கரால், முடிந்தால் நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில் எழுதுங்கள்.

எழுதிய சிடி கடைசிப் பாட்டில் மட்டும் தாவுகிறதா? 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் கடை சிடி ஒன்றை அதே பிளேயரில் போட்டு, அதன் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அதுவும் தாவினால் கோளாறு பிளேயரில் இருக்கிறது: லென்ஸில் உப்புப் படலம், அல்லது லென்ஸ் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்து மணல் சேர்ந்து, விளிம்பு வரை போக முடியாமல் முக்குகிறது. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளைக் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் பெரும்பாலும் சரியாகும். கடை சிடி ஒழுங்காகப் பாடினால் கோளாறு நீங்கள் எழுதியதில்தான். இன்னொரு பிராண்ட் சிடியில், நான்கைந்து நிமிடம் குறைத்து, மறுபடி எழுதுங்கள்.