கோடு குறைந்தால் காதிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்

சுங்கை சிப்பூட் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில், தகரக் கூரைக்குக் கீழே கைப்பேசியில் ஒரு சிக்னல் கோடுதான் தெரியும். அம்மா அதைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜொகூரில் இருக்கும் அக்காவோடு அரை மணி நேரம் பேசுவார். "காது சுடுதுய்யா" என்பார். அந்தச் சூடு பெரும்பாலும் பேட்டரியுடையது. கவனிக்க வேண்டியது அந்த ஒற்றைக் கோடு. சிக்னல் குறையும்போதுதான் கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி கூடுதல் வலுவோடு கதிர்வீசும்.

அதனால் வாசலுக்கு வந்து, ஸ்பீக்கர் போட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள். அந்தச் சிறு இடைவெளியிலேயே தலைக்குப் போகும் கதிரின் அளவு வெகுவாகக் குறையும். வயர் வைத்த இயர்போனும் நல்லது.

2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கைப்பேசி வீசும் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. அதாவது, புற்றுநோய் வரலாம் என்ற ஐயம் உண்டு, உறுதியில்லை. தலையில் ஒரு கிலோ திசு உறிஞ்சும் கதிர் 2 வாட்டைத் தாண்டக்கூடாது என்ற அனைத்துலக வரம்பு, திசு சூடாவதை வைத்தே கணக்கிடப்பட்டது. அது போதாது, வரம்பை இறுக்குங்கள் என்று 2015-இல் பல நாட்டு அறிவியலாளர்கள் ஐ.நா.வுக்கு முறையிட்டார்கள். பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அப்புறம், பிள்ளைக்குக் கார்ட்டூன் காட்டுவதென்றால் முன்பே பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுங்கள். இரவில் தலையணைக்கு அடியில் கைப்பேசி வேண்டாம், அலமாரி மேல் வையுங்கள். அலாரம் அங்கிருந்தும் கேட்கும்.