பேவர் பிளாக்கில் கிராஃபீன் ஆக்சைடு கலப்பது எப்படி?

கிராஃபீன் ஆக்சைடு என்பது கான்கிரீட்டுக்கு வலுவேற்றச் சேர்க்கும், ஆக்சிஜன் ஒட்டிய மிக மெல்லிய கார்பன் தகடுகள். கடலூரில் எங்கள் பிளாக் பட்டறைக்கு வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "மூட்டைக்கு எவ்வளவு போட வேண்டும்?" என்பதுதான். 50 கிலோ சிமென்டுக்கு 15 கிராம், அதாவது 0.03 சதவீதத்தில் தொடங்கலாம். ஆனால் அந்த 15 கிராம் மூட்டை முழுவதும் பரவாவிட்டால் போட்ட காசு தண்டம்.

தூளாக வாங்காதீர்கள். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. மிக்சரில் கொட்டினால் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழல்) இன்னும் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் பிரிக்க மீயொலிக் கருவி வேண்டும். கீழடிப் பானை ஓட்டுப் பூச்சில் நானோகுழாய் இருப்பதாக 2020இல் செய்தி வந்த பிறகு பலர் ஆசையோடு அதைக் கேட்கிறார்கள். பானைப் பூச்சு வேறு, கான்கிரீட் வேறு.

சிறு பட்டறைக்கு ஏற்றது, தண்ணீரில் கலந்து கரைசலாக வரும் கிராஃபீன் ஆக்சைடு. லிட்டருக்கு 4 கிராம் உள்ள கரைசல் என்றால் மூட்டைக்கு 3.75 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீரை மொத்தத் தண்ணீர் அளவில் கழித்துவிடுங்கள். கடலோர போர்வெல்லின் உப்புத் தண்ணீர் வேண்டாம்.

மூட்டையைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. கொஞ்சம் சிமென்டைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். முதல் தம்ளரில் பழுப்பு நிற கிராஃபீன் ஆக்சைடு கரைசலைச் சில சொட்டு விடுங்கள். சற்று நேரத்தில் பால் திரிவதுபோலத் திரிந்து, பிசிறு பிசிறாக அடியில் இறங்கும். சிமென்டிலிருந்து வரும் கால்சியம் செய்யும் வேலை அது. அடுத்து, பாலிகார்பாக்சிலேட் அட்மிக்சரோடு (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் திரவம்) முன்பே கலந்த கரைசலை இரண்டாம் தம்ளரில் விடுங்கள். நிறம் பரவி நின்றால் சரி. அதுவும் திரிந்தால் அட்மிக்சர் போதவில்லை, அல்லது அந்த வகை ஒத்துவரவில்லை.

மிக்சரிலும் அதே வரிசைதான்: முதலில் தண்ணீரில் அட்மிக்சர், பிறகு கரைசல், அதன்பின் சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி கலந்த கலவையில் மெல்ல ஊற்ற வேண்டும். கலவை வழக்கத்தைவிட இறுகும். மிக்சர் ஓட்டுபவரின் கை உடனே தண்ணீர்க் குழாய்க்குப் போகும், தடுத்துவிடுங்கள். அட்மிக்சரைத்தான் சிறிது கூட்ட வேண்டும்.

இனி சிமென்டைக் குறைக்கும் விஷயம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. சிமென்ட் அளவைக் குறைக்காமல் கிராஃபீனையும் சேர்த்துவிட்டுப் 'பசுமை பிளாக்' என்று விற்பது வெறும் விளம்பரம். எங்களுக்கு நெய்வேலி அனல் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால், சிமென்டில் கால் பங்கை நிலக்கரிச் சாம்பலால் ஈடுகட்டிப் பார்க்கலாம். சாம்பல் மெதுவாகத்தான் வலுவேறும். கிராஃபீன் ஆக்சைடு கைகொடுப்பது அந்த முதல் நாட்களில்தான். இதற்கு ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்டையே எடுங்கள். பிபிசியில் (சாம்பல் கலந்தே வரும் சிமென்ட்) ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கிறது. கருகருவென்ற சாம்பலைத் திருப்பி அனுப்புங்கள். அதுவும் கார்பன்தானே என்று விட்டுவிட்டால், எரியாமல் தங்கிய அந்தக் கரி அட்மிக்சரை உறிஞ்சிவிடும்.

வழக்கமான கலவை, சாம்பல் கலவை, சாம்பலோடு கிராஃபீன் என மூன்று வகையிலும் க்யூப் (சோதனைக் கட்டி) வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பாருங்கள். மூன்றாவது வலுவில் இரண்டாவதைத் தாண்டவில்லை என்றால் கரைசல் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். சாம்பல் பிளாக்கை இன்னும் சில நாள் கூடுதலாகத் தண்ணீர் விட்டு வைத்திருந்து அனுப்பினாலே போதும்.