நீக்கிய பேக்கேஜ் நிஜமாகவே போய்விட்டதா?

உபுண்டு, டெபியன் லினக்ஸ் வைத்திருப்பவர்கள், கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் 'டிபிகேஜி' என அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனையும் சின்ன 'எல்' எழுத்தையும் சேர்த்து என்டர் தட்டுங்கள். பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், பெயர், பதிப்பு எண்ணோடு வரிசையாக வரும். கடைசியில் ஒரு பேக்கேஜின் பெயரைச் சேர்த்தால் அது மட்டும் வரும்.

பலரும் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். வரியின் தொடக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள்தான் முக்கியம். 'ஐஐ' என்றால் ஒழுங்காக நிறுவப்பட்டிருக்கிறது. 'ஆர்சி' என்றால் மென்பொருளை நீக்கியாயிற்று, ஆனால் அதன் அமைப்புக் கோப்புகள் (கான்ஃபிக் ஃபைல்கள்) இன்னும் உள்ளே கிடக்கின்றன.

ஒரு சர்வர் மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவியும் பழைய பிழையே திரும்பி வந்து, ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தேன். கடைசியில் பார்த்தால் இந்த 'ஆர்சி'தான் காரணம்! வழக்கமாக நீக்கப் பயன்படுத்தும் 'ஆப்ட் ரிமூவ்' கட்டளை பழைய அமைப்புகளைத் தொடாது. 'சூடோ ஆப்ட் பர்ஜ்' என்று அடித்து, பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள், அவையும் போய்விடும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள அமைப்புகளை பர்ஜும் தொடாது, அதை நீங்களேதான் பார்த்து நீக்க வேண்டும்.

அப்புறம், ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமா? அதே 'டிபிகேஜி'யை அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபனுக்குப் பின் பெரிய 'எஸ்' போட்டு, கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள்.